டாக்டர் கௌசிகா காலமானார்

தேர்வு முடிவு வெளியான அந்தக் காலை, அருப்புக்கோட்டையில் அந்த வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள்: பெயின்ட் கடை வைத்திருக்கும் திருமலைச்சாமி, அவர் மனைவி வடிவாம்பாள், மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அவருடைய அண்ணன் கோவர்த்தனன், பந்தல்குடியிலிருந்து முதல் பேருந்தில் வந்திறங்கியிருந்த அவருடைய அக்காள் ராஜாமணி, எதிர்வீட்டிலிருந்து காப்பித் தம்ளரைக் கையில் பிடித்தபடியே தெருவைக் கடந்து வந்துவிட்ட பிரேமலதா டீச்சர். பின்னாளில் இவர்களில் எவரிடம் கேட்டாலும், அன்றைக்கு யார் யார் இருந்தீர்கள் என்ற கேள்விக்கு இந்த ஐந்து பெயர்களைத்தான் சொன்னார்கள். ஆறாவதாக ஒருத்தி இருந்தாள். தேர்வை எழுதியவள் அவள். கைப்பேசியில் பதிவெண்ணைத் தட்டியவள் அவள். வந்த மதிப்பெண்ணை உரக்கப் படித்தவளும் அவளே. பெயர் கௌசிகா. அவளைச் சொல்லாமல் விட்டது மறதி அன்று. அந்த வீட்டின் வழக்கம்.

அறுநூற்றுக்கு இருநூற்று அறுபத்து மூன்று. இயற்பியலில் முப்பத்தாறு, உயிரியலில் நாற்பத்தொன்று. எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி. "பாஸ்" என்று சொல்லிக் கௌசிகா வாய் மூடுவதற்குள், கூடத்தின் நடுவில், சற்றுமுன்வரை காய்கறிக் கூடை இருந்த இடத்தில், தெற்கே தலைவைத்து ஒரு பெண் இறந்து கிடந்தாள். முப்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, அதன்மேல் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், மூக்கின்மேல் மெல்லிய சட்டமிட்ட கண்ணாடி. முகம் கௌசிகாவின் முகம்தான். ஆனால் அது நன்றாகத் தூங்கி, நேரத்துக்குச் சாப்பிட்டு, நாலு பேர் எழுந்து நின்று வணங்குவதை ஏற்றுப் பழகிய முகம். கோட்டின் மார்பில் நீல நூலால் பெயர் தைத்திருந்தது: டாக்டர் கௌசிகா.

யார் இவள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கௌசிகா பிறந்த நாள் முதல் அந்த வீடு இவளோடுதான் குடும்பம் நடத்தியது. தொட்டிலில் கிடந்தபோதே அவளுக்குப் பட்டம் கொடுத்தாயிற்று, யு.கே.ஜி. படிக்கையில் முன்னறையை அவளுடைய கிளினிக்குக்கென்று ஒதுக்கி, நோயாளிகள் எந்தப் பக்கம் உட்காருவது, செருப்பை எந்தப் பக்கம் விடுவது என்பதுவரை தீர்மானித்தாயிற்று. ராஜாமணி தன் முழங்கால் வலியை வேறெந்த வைத்தியரிடமும் காட்டாமல் அவளுக்கென்றே வளர்த்து வந்தாள். கோவர்த்தனன் தன் கண்புரையை அவளுக்காகவே முற்றவிட்டுக் காத்திருந்தார். வடிவாம்பாள் மாவாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் மனத்துக்குள் அவளோடுதான் பேசினாள், மகளோடு பேசியதில் பெரும்பகுதி 'படி' என்ற ஒற்றைச் சொல். திருமலைச்சாமி கடைக்கு வரும் மேஸ்திரிகளிடம் 'எம் மக டாக்டரு' என்று நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்லிச் சொல்லி, அது இன்னும் நடக்கவில்லை என்பதையே மறந்திருந்தார். அந்த வீட்டில் இரண்டு பெண்கள் வளர்ந்தார்கள். ஒருத்திக்கு எல்லாம் கிடைத்தது. மற்றொருத்தி மிச்சத்தில் வளர்ந்தாள்.

ஆகவே ராஜாமணி கொண்டையை அவிழ்த்துவிட்டு, வலிக்கும் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு ராகம் எடுத்தபோது அதில் வியப்பேதும் இல்லை.

"அத்தைக்கு ஒரு ஊசி போடாமப் போயிட்டியே என் மகராசி! போர்டு எழுதக் குடுத்தாகளே, பெயிண்டு காயலையே என் தங்கமே!"

வடிவாம்பாள் இறந்தவளின் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். திருமலைச்சாமி சுவரில் சாய்ந்து அப்படியே கீழே சரிந்தார். பிரேமலதா டீச்சர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். கௌசிகா கைப்பேசியோடு நின்றுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே ராஜாமணி தலையைத் தூக்கி அவளைப் பார்த்து, "மரம் மாதிரி நிக்கியே, போயித் தண்ணி கொண்டா. ஆளுக வர ஆரம்பிச்சிருவாக" என்றாள்.

ஆட்கள் வந்தார்கள். வாசலில் பந்தல் போட்டார்கள். வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. பக்கத்துத் தெரு மருத்துவர் வந்து நாடி பார்த்து, கண்ணிமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்து, எழுந்து நின்றார்.

"இறந்துட்டாங்க, அண்ணாச்சி. அதுல சந்தேகமே இல்ல. ஆனா நான் எழுதித் தர முடியாது. இறந்தாங்கன்னு எழுதணும்னா, அதுக்கு முந்தி உயிரோட இருந்திருக்கணும்."

சக மருத்துவர் வீட்டில் கட்டணம் வாங்குவது முறையில்லை என்று அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எழுத்து இல்லாமல் நகராட்சி மயானத்தில் உடலை வாங்க மாட்டோம் என்றார்கள். குளிர்பெட்டிக்காரர் வந்து உடலைப் பெட்டிக்குள் வைத்து, மறுநாள் திறந்து பார்த்து, "இது கெடாது அண்ணாச்சி, பெட்டிக்கு வீணா கரண்டு" என்று திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னது உண்மை. வெயில் ஏற ஏற ஊரே வாடியது. அவள் மட்டும் அன்றலர்ந்தாற்போல் கிடந்தாள். நடக்காத காரியம் கெட்டுப்போவதில்லை.

உடல் வீட்டை விட்டுப் போகவில்லையென்றால் தீட்டு தொடங்காது; தொடங்காத தீட்டு கழியாது. கருமாதிக்கு நாள் குறிக்க முடியாது. நல்ல காரியம் எதையும் எடுக்க முடியாது. அடுப்புப் பற்றவைக்க முடியாது. இவற்றையெல்லாம் கோவர்த்தனன் பந்தலின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார், தெருவார் ஆமோதித்தார்கள். படித்தவர்கள் நிறைந்த தெரு அது. வங்கியில் இருந்தவர்கள், பள்ளியில் இருந்தவர்கள், தாலுகா அலுவலகத்தில் இருந்தவர்கள். இப்படி ஒரு சாவு உண்டா என்று அவர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்படிச் செத்தவளுக்குக் கொள்ளி வைக்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் அவர்கள் தெளிவு தேடினார்கள். மணமாகாதவள் என்றால் தகப்பன் வைக்கலாம் என்றார் ஒருவர். முப்பது வயது டாக்டருக்கு மணமாகாமல் இருக்குமா, மாப்பிள்ளை அமெரிக்காவில் இருப்பார் என்றார் இன்னொருவர். அப்படியானால் அவருக்குத் தகவல் சொல்ல வேண்டாமா என்றார் மூன்றாமவர்.

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வந்த பையன்தான் சிக்கலைக் கிளப்பினான். "மறைவு தேதி இருக்கு. தோற்றம் என்னைக்குன்னு போடணும்?"

பாப்பா பிறந்த தேதியைப் போடு என்றார் கோவர்த்தனன். அன்றைக்குப் பிறந்தது பாப்பாதானே, டாக்டர் இல்லையே என்றார் பிரேமலதா டீச்சர். திருமலைச்சாமி அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார். பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தை வீறிட்டபோது நர்சு, "தொண்டையப் பாருங்க, ரவுண்ட்ஸ் வர்ற டாக்டரம்மா மாதிரியே அதட்டுது" என்று விளையாட்டாகச் சொன்னாராம். அந்த நிமிஷம் பிறந்தவள் அவள். ஆக, ஒரே நாள். அவ்வாறே அடித்தார்கள். மாலையிட்டுப் போட ஒரு படம் வேண்டும் என்று கௌசிகாவின் பள்ளி அடையாள அட்டைப் படத்தை எடுத்து, கணினியில் கண்ணாடியும் கோட்டும் மாட்டி, பேருந்து நிலையத்திலும் காந்தி மைதானத்தை ஒட்டிய சுவரிலும் கட்டினார்கள். வணிகர் சங்கம் ஒன்று கட்டியது. பெயின்டர்கள் ஒன்று கட்டினார்கள். அதற்குப் பிறகு கௌசிகா பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ தங்கச்சியா? முகஜாடை அப்படியே டாக்டரம்மாதான்."

"டாக்டரம்மாக்கு நீ என்ன முறை ஆகணும்?"

முதலில் அவள் பதில் சொன்னாள். "அவங்க செத்ததுக்கு நாந்தான் காரணமாம்" என்று ஒரு பாட்டியம்மாளிடம் சொன்னதற்கு ராஜாமணி அவள் தொடையில் கிள்ளினாள். பிறகு அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டு தண்ணீர்த் தம்ளர்களை மட்டும் நீட்டினாள். வந்தவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு, உடலின் அருகே உட்கார்ந்து, தம் தம் நோவுகளைச் சொல்லி அழுதார்கள். மூலம், சர்க்கரை, பிள்ளையில்லாமை, இரவில் வரும் இருமல். இவ்வளவையும் தீர்க்க இருந்தவள் போய்விட்டாள் என்று அவர்கள் மனமார நம்பினார்கள். எழுந்து போகும்போது வாசலில் நின்று கௌசிகாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். கொலை செய்தவரை ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படி.

பிரேமலதா டீச்சர் அதை நாகரிகமாகச் சொன்னார். "நான் உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா நீ அந்தக் கெமிஸ்ட்ரியில கொஞ்சம் கவனம் வச்சிருந்தா, இன்னைக்கு அவ உயிரோட இருந்திருப்பா இல்ல?"

"டீச்சர், அவ இருந்திருந்தா நான் எங்க இருந்திருப்பேன்?"

டீச்சர் அந்தக் கேள்வியை, பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வியை ஒதுக்குவதுபோல் ஒதுக்கினார்.

அடுப்பு அணைந்தே கிடந்தது. முதலில் தெருவார் முறைவைத்துச் சோறு கொண்டுவந்தார்கள், பிறகு முறை தவறியது, பிறகு நின்றது. பெரியவர்கள் பந்தலில் உட்கார்ந்து பரோட்டா வரவழைத்தார்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பசிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கௌசிகா துக்கத்தில் இல்லாதவள் என்பதால் அவளுக்கு ஒரு பொட்டலம் சேர்த்து வாங்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு நாள் அவள் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து ஒரு கை ரவையை வறுத்தாள். வாசனை கூடத்துக்கு வந்தது. ராஜாமணி நொண்டிக்கொண்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பின்மேல் ஊற்றினாள்.

"பொணம் கெடக்கு கூடத்துல. ஒனக்கு உப்புமா கேக்குதோ?"

வடிவாம்பாள் கூடத்தில் இருந்தாள். கேட்டாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு இறந்தவளின் கோட்டில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, மறுபடியும் அழத் தொடங்கினாள்.

இந்த நிலையில்தான் செல்வின் வந்தான். கமிஷனுக்குக் கல்லூரிகளில் இடம் பிடித்துத் தரும் 'அட்மிஷன் செல்வின்' என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. குறைந்த மதிப்பெண் விழுந்த வீடுகளுக்குத் தகவல் போவதற்கு முன்பே அவன் வண்டி போய் நிற்கும்; சாவு வீடு என்பதால் இங்கே சற்றுத் தாமதித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உடலுக்கு ஒரு மாலையைச் சாத்தி, மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, திருமலைச்சாமியின் காதருகே குனிந்தான்.

"அண்ணாச்சி, நாஞ் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதீய. உசுரு முழுசாப் போகல."

திருமலைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பந்தல் முழுவதும் எழுந்து கூடத்துக்கு வந்தது.

செல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு, உடலின் காலடியில் சம்மணமிட்டு, மந்திரம் சொல்வதுபோல் ஒவ்வொரு படிப்பாகச் சொல்லத் தொடங்கினான். எந்தப் படிப்பின் பெயருக்கு அவள் கண் திறக்கிறாளோ அந்தப் படிப்பில் பாப்பாவைச் சேர்த்துவிடலாம், மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். கடல் தாண்டிய நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளைச் சொன்னான், அவள் அசையவில்லை. அதற்கும் உயிரியல் மதிப்பெண் போதாது என்பது இறந்தவளுக்கும் தெரிந்திருந்தது. பிசியோதெரபி என்றான். ஆப்டோமெட்ரி என்றான். டயாலிசிஸ் டெக்னாலஜி என்றான். "பேருக்கு முன்னால 'டாக்டர்'னு போட்டுக்கிடலாம், யாரும் கேக்க மாட்டாக" என்று இன்னொன்றைச் சொன்னபோது, இடது கால் கட்டைவிரல் அசைந்தது என்று ராஜாமணி கூவினாள். எல்லோரும் கட்டைவிரலைச் சூழ்ந்துகொண்டார்கள். ஈ என்றார் கோவர்த்தனன். ஈ இல்லை, நரம்பு என்றாள் ராஜாமணி. வடிவாம்பாள் கட்டைவிரலுக்குக் கற்பூரம் காட்டினாள். அது மறுபடி அசையவில்லை.

கௌசிகா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பதினைந்து பேர் ஒரு பிணத்திடம் இவள் எந்தக் கல்லூரியில் படிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் தலையை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

அன்று பிற்பகல் அவள் பேருந்து நிலையத்தருகே உள்ள கணினி மையத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண் அவளைப் பார்த்து, சுவரில் இருந்த பேனரைப் பார்த்து, மறுபடியும் அவளைப் பார்த்துவிட்டு, "எந்தக் காலேஜுக்குப் போடணும்?" என்று மட்டும் கேட்டாள். பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரி என்றாள் கௌசிகா. பாடம், புவியியல். அதன்மேல் அவளுக்குத் தீராத ஆசை இருந்ததென்று சொன்னால் அது பொய். சென்ற ஆண்டு அவள் அளவு மதிப்பெண் எடுத்தவர்களுக்குக் கிடைத்த படிப்புகளைப் பார்த்தாள். அவற்றில் தன்னால் படிக்கமுடியும் என்று தோன்றியதைத் தேர்ந்தாள். அந்த வீட்டில் பதினேழு ஆண்டுகளில் ஒருவர் நிதானமாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதைக் கவனிக்க யாரும் இல்லை.

கல்லூரியிலிருந்து கைப்பேசிக்குத் தகவல் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கலந்தாய்வு. அசல் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும். வராதவர் இடம் அடுத்தவருக்குப் போகும். அவள் தகப்பனாரிடம் போனாள். அவர் பந்தலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, எனக்குக் காலேஜ் கிடைச்சிருக்கு. வியாழக்கிழமை போகணும்."

"சாவு விழுந்த வீடும்மா இது."

"செத்தது யாருப்பா?"

"டாக்டரு."

"அப்ப நான்?"

கடையில் இல்லாத நிறம் ஒன்றை வாடிக்கையாளர் கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். வைத்திருந்தோமா, எப்போதாவது வாங்கி வைத்தோமா என்று மனத்தில் தேடுகிற பார்வை. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன காலேஜு?"

"கவர்மென்ட் ஆர்ட்ஸ். ஜாக்ரபி."

"ஜாக்ரபி" என்று அவர் சொல்லிப் பார்த்தார். "கடைக்கு வர்றவன்ட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"ஜாக்ரபின்னு சொல்லுங்க."

உள்ளேயிருந்து ராஜாமணிதான் பதில் சொன்னாள். "தீட்டு கழியாம எந்தக் காலேஜும் கெடையாது. காரியம் முடியட்டும். ஒரு வருசம் வீட்டோட கெடந்தாப் பதினெட்டும் முடிஞ்சிரும். என் கொழுந்தன் மகன் திருப்பூர்ல கம்பெனி வச்சிருக்கான், பொண்ணுக்கு மார்க்கு என்னன்னு கேக்க மாட்டான்."

ஆக, ஒன்று வியாழக்கிழமை. இல்லையென்றால் ராஜாமணியின் கொழுந்தன் மகன். இதற்கு இடையில் மூன்றாவது வழி கிடையாது என்பதைக் கௌசிகா அன்றே புரிந்துகொண்டாள். மற்றவர்களுக்கும் புரிந்தது. அவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை கோவர்த்தனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெற்றியோடு வந்தார். நகராட்சி அலுவலகத்தில் தமக்குப் பழக்கமான ஒருவரைப் பிடித்துவிட்டார். உயிரோடு இருந்ததற்கு அத்தாட்சி இருந்தால் இறந்ததற்கு எழுத்துக் கிடைக்கும். இறந்தவர் பெயர் கௌசிகா, தகப்பன் திருமலைச்சாமி, தாய் வடிவாம்பாள், பிறந்த நாள் பேனரிலேயே இருக்கிறது. அதே பெயரில், அதே நாளில், அதே பெற்றோருக்குப் பிறந்ததற்குச் சான்று வீட்டிலேயே இருக்கிறதே! பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, எல்லா அசலையும் கொண்டுபோய்க் கொடுத்தால் நாளைக் காலை பத்து மணிக்குள் பதிவு செய்து தருகிறார்கள். பதினோரு மணிக்கு எடுத்துவிடலாம். எவ்வளவு நாளைக்குத்தான் டாக்டரைத் தரையில் போட்டு வைத்திருப்பது?

"பெரியப்பா, அது என் சர்ட்டிபிகேட்டு" என்றாள் கௌசிகா. "அதைக் குடுத்துட்டா செத்தது நான்னு ஆயிரும்."

கோவர்த்தனன் பொறுமையோடு விளக்கினார். அவர் தீயவர் அல்லர். அந்த வீட்டில் ஒருவரும் தீயவர் அல்லர். அதனால்தான் அவர்களோடு மன்றாடிப் பயன் இல்லை. "பேருதானம்மா போகுது. நீ என்ன போயிரவா போற? வேற ஒரு பேரு வச்சுக்கிடலாம். நல்ல பேரா நானே பாத்து வக்கிறேன்."

"அப்பா?"

திருமலைச்சாமி எழுந்து உள்ளே போய், பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து தம் அண்ணன் கையில் கொடுத்தார்.

வியாழக்கிழமை விடிந்தது. பேனர் கட்டிய சங்கத்தார் வெள்ளைச் சட்டையில் வந்து சேர்ந்தார்கள். வாசலில் பூப்பல்லக்குக் கட்டி, அதன் நெற்றியில் தெர்மாகோலால் ஒரு பெரிய ஸ்டெதஸ்கோப்பு செய்து மாட்டியிருந்தார்கள். செல்வினும் வந்திருந்தான்; சாவு வீட்டில் நாலு புதிய தகப்பன்மார்களைப் பார்க்கலாம். தெருவே திரண்டு நின்றது. கோவர்த்தனன் நகராட்சிக்குப் புறப்படத் தயாராகக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, உடலின் தலைமாட்டில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் கிளம்பினால் எடுக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

கௌசிகா குளித்து, துவைத்து மடித்த சுடிதாரை உடுத்தி, தலைவாரிப் பின்னிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சாவு வீட்டில் தலைவாரியவளை அவர்கள் இதற்குமுன் பார்த்ததில்லை.

"பெரியப்பா, அந்தக் கவரைக் குடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"மொதல்ல வாய்க்கரிசியப் போடு" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "மத்ததைப் பெறகு பேசலாம்."

சுளகில் பச்சரிசி இருந்தது. முறைப்படி ஒவ்வொருவராக வந்து, கையில் கொஞ்சம் அரிசி எடுத்து, இறந்தவளின் வாயருகே இட்டுவிட்டு நகர்ந்தார்கள். போகிறவள் பசியோடு போகக்கூடாது என்பதற்காகச் செய்வது. வடிவாம்பாள் இட்டாள், இடும்போது, "தின்னுக்கோ கண்ணு, தின்னுக்கோ" என்று தேம்பினாள். ராஜாமணி இட்டாள். பிரேமலதா டீச்சர் இட்டார். எதிர்வரிசை வீட்டுக்காரர்கள், மேஸ்திரிகளின் மனைவிமார், மூலமும் சர்க்கரையும் சொல்லி அழுதுவிட்டுப் போனவர்கள், எல்லோரும் இட்டார்கள். டாக்டர் கௌசிகாவின் உதடுகளைச் சுற்றியும் கன்னத்தின் குழியிலும் வெள்ளைக் கோட்டின் கழுத்துமடிப்பிலும் அரிசி குவிந்தது. அவள் ஒரு மணியையும் உண்ணவில்லை.

"கடைசியா நீ போடு" என்றாள் ராஜாமணி. "கூடப் பொறந்தவ மாதிரி வளந்தீக. ஒங்கையால வாங்குனாத்தான் அவ நிம்மதியாப் போவா."

கௌசிகா சுளகின் முன் மண்டியிட்டாள். கை நிறைய அரிசியை அள்ளினாள். அவள் இறந்தவளின் முகத்தைப் பார்த்தாள்; அவ்வளவு பேர் ஊட்டி வளர்த்த முகம். கை மேலே எழுந்தது. இறந்தவளின் வாய்க்குப் போகவில்லை. தன் வாய்க்குப் போயிற்று.

அவள் மென்றாள். பச்சரிசி பற்களுக்கிடையில் நெரிபடும் ஓசை கூடம் முழுவதும் கேட்டது. அவசரப்படாமல், ஒரு பக்கம் மென்று மறுபக்கம் ஒதுக்கி, தாடை அசைய, தொண்டை ஏறி இறங்க அவள் விழுங்கினாள். வாய்க்கரிசியை உயிரோடு இருப்பவள் தின்றால் என்ன செய்வது என்று கோவர்த்தனனுக்குத் தெரிந்த எந்த முறையிலும் இல்லை. அவர் வாய் திறந்தபடி இருந்தது. ராஜாமணி ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். கை அந்தரத்தில் நின்றது. வாசற்படியில் நின்ற செல்வின் இரண்டடி பின்வாங்கிப் பல்லக்கின்மேல் மோதிக்கொண்டான். கௌசிகா இரண்டாவது கை அள்ளினாள். அதையும் தின்றாள். மூன்றாவது கையில் பாதியைத் தின்றுவிட்டு, மீதி ஒட்டிய உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்தாள்.

வடிவாம்பாள் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. "பசிக்குதாடி?" என்றாள், மிகவும் மெல்ல, அந்நியரிடம் வழி கேட்பதைப்போல.

கௌசிகா எழுந்தாள். பெரியப்பாவின் மடியிலிருந்து கோப்பை எடுத்தாள். அவர் கைகள் அதைப் பிடித்திருந்தன, ஆனால் இறுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, மாற்றுச் சான்றிதழ் இருக்கிறதா என்று அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மூடி, கையிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

"கௌசிகா!" என்று திருமலைச்சாமி கத்தினார்.

அவர் எவளை அழைத்தார் என்பது அங்கிருந்த யாருக்கும் விளங்கவில்லை. சிலர் உடலைப் பார்த்தார்கள். கௌசிகா அவர் பக்கம் திரும்பவில்லை. கீழே கிடந்த கால்களைச் சுற்றிக்கொண்டு நடந்து, வாசலில் நின்றவர்கள் ஒதுங்கும்வரை நின்று, ஒதுங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு, பல்லக்கைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனாள்.